சீபேப் போட்டும் அசதி தீரவில்லையா? அடுத்து எதை மாற்றுவது: ஓர் ஒப்பீடு

தூக்கத்தில் மூச்சடைப்பு (ஸ்லீப் ஆப்னியா) இருப்பதால், மாஸ்க் வழியாகக் காற்றை ஊதித் தொண்டை அடைபடாமல் வைக்கும் சீபேப் மெஷின் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. தினமும் ராத்திரி மாஸ்க்கை மாட்டிக்கொண்டுதான் படுக்கிறீர்கள். குறட்டை நின்றுவிட்டது, பக்கத்தில் படுப்பவர் நிம்மதியாகத் தூங்குகிறார். உங்களுக்கு மட்டும் காலையில் எழுந்தால் அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. டாக்டரிடம் போனால், மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்று மெஷின் காட்டும் எண்ணைப் பார்த்துவிட்டு, "ஏ.எச்.ஐ. 3தான் இருக்கு, நல்லா வேலை செய்யுது" என்கிறார். வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே தூக்கம் வருகிறது.

இந்த நிலையில் இருக்கும் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: அடுத்து என்ன செய்யட்டும்? ஒருவர் பைபேப் என்ற வேறு வகை மெஷின் வாங்கலாமா என்கிறார். ஒருவர் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்கிறார். இன்னொருவர், இவ்வளவு பாடுபட்டும் பலனில்லையே, நிறுத்திவிடலாமா என்கிறார். நானும் அதே இடத்தில் நின்றவன். தூங்கும்போது மூச்சை அளக்கும் ஸ்லீப் ஸ்டடி பரிசோதனையில் என் ஏ.எச்.ஐ. 41 வந்தது. அதாவது ஒரு மணி நேரத்தில் 41 முறை மூச்சு நின்றது, அல்லது வெகுவாகக் குறைந்தது. 5 முதல் 15 வரை லேசானது, 30ஐத் தாண்டினால் கடுமையானது என்று வகைப்படுத்துகிறார்கள். மெஷின் போட்டு முதல் பத்து வாரம் எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. கடைசியில் சரியானதற்கு நான் செலவழித்தது ஒரு மாஸ்க்கின் விலையும் ஒரு டாக்டர் ஃபீஸும் மட்டும்தான். அதனால் எந்த வழி நல்லது என்பதோடு, எதை எதற்கு முன்னால் செய்வது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

## முதலில்: உங்களுக்கு இருப்பது தூக்கமா, அசதியா?

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் வேறு வேறு. டிவி பார்க்கும்போது, பஸ்ஸில் உட்கார்ந்ததும், மீட்டிங் நடுவில் கண் செருகுகிறதா? அது பகல் தூக்கம். ராத்திரி மூச்சடைப்பு இன்னும் முழுதாகத் தீரவில்லை, அல்லது தூங்கும் நேரமே போதவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். உடம்பெல்லாம் கனமாக இருக்கிறது, ஆனால் மதியம் படுத்தால் தூக்கம் வரவில்லையா? அது அசதி. அதற்குக் காரணம் மூச்சுக்குழாயைத் தாண்டி வேறு எங்காவது இருக்க வாய்ப்பு அதிகம்.

முதல் வகையை அளக்க எப்வொர்த் அளவுகோல் என்று எட்டுக் கேள்விகள் உண்டு. மெல்போர்னில் 1991ல் உருவானது, மொத்தம் 24 மதிப்பெண். 10க்கு மேல் போனால் பகல் தூக்கம் அதிகம் என்று பொருள். சிகிச்சைக்கு முன்னால் உங்கள் மதிப்பெண் என்ன, இப்போது என்ன என்று எழுதி வையுங்கள். "கொஞ்சமும் மாறவில்லை" என்று நினைத்த சிலருக்கு 17 இருந்தது 12 ஆகியிருக்கும். அப்படியானால் வழி சரி, இன்னும் போக வேண்டும் என்று அர்த்தம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் பார்ப்பது நான்கு விஷயம். உங்களுக்கு இருக்கும் காரணத்தை அந்த வழி தொடுகிறதா? பலன் தெரிய எத்தனை நாள் ஆகும்? கையிலிருந்து போகும் பணம் எவ்வளவு, கண்ணுக்குத் தெரியாமல் போவது என்ன? ஒத்துவராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? இந்த நான்காவதற்கே நான் அதிக மதிப்பு தருகிறேன். மாஸ்க் பிடிக்காவிட்டால் எடுத்து வைத்துவிடலாம். தொண்டையில் வெட்டி எடுத்த சதை திரும்ப வராது.

## வழி 1: இருப்பதையே தொடர்ந்து, நேரத்தைக் கூட்டுவது

"4 மணி நேரம் போட்டால் போதும்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கொடுப்பவர்கள் வைத்திருக்கும் குறைந்தபட்சக் கணக்கு. உடம்பின் கணக்கு வேறு. 2007ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைப் பிரித்துப் பார்த்தது. எப்வொர்த் மதிப்பெண் தேறுவதற்கு ராத்திரிக்கு 4 மணி நேரம் போதுமாக இருந்தது. பரிசோதனைக்கூடத்தில் அளக்கும் பகல் விழிப்பு தேற 6 மணி நேரம் வேண்டியிருந்தது. அன்றாட வேலைகளைச் சுறுசுறுப்பாகச் செய்யும் நிலை வருவதற்கு ஏழரை மணி நேரம் வரை வேண்டியிருந்தது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மெஷின் காட்டும் ஏ.எச்.ஐ. மாஸ்க் மாட்டியிருந்த நேரத்துக்கு மட்டுமே உரியது. நான் மெஷினில் இருந்த மெமரி கார்டை எடுத்து, ஆஸ்கர் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தபோதுதான் இது உறைத்தது. 10.40க்கு ஆரம்பித்த கோடு 3.10க்கு அறுந்து நின்றது. அடுத்த நாள் 2.55. அதற்கடுத்த நாள் 3.20. தூக்கத்திலேயே மாஸ்க்கைக் கழற்றி வைத்திருக்கிறேன், எனக்கே தெரியாது. கனவுத் தூக்கம் பெரும்பாலும் ராத்திரியின் பின்பாதியில்தான் வருகிறது. நிறையப் பேருக்கு மூச்சடைப்பு மிக மோசமாக இருப்பதும் அந்த நேரத்தில்தான். ஆக, நல்ல பாதிக்கு மெஷின் போட்டுவிட்டு, மோசமான பாதியில் பழையபடி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தேன். காலையில் ஸ்கிரீன் மட்டும் 2.1 என்று காட்டியது.

செலவு எதுவும் இல்லை. ஆரம்பித்து ஆறு வாரம் ஆகவில்லை என்றாலோ, சராசரி 6 மணி நேரத்துக்குக் குறைவு என்றாலோ, இதுதான் முதல் வழி. வருடக்கணக்கில் சேர்ந்த தூக்கக் கடன் பத்து நாளில் அடையாது. ஆனால் தினமும் 7 மணி நேரம் போட்டு மூன்று மாதமும் தாண்டிவிட்டது என்றால், "இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்ற ஆலோசனைக்கு அர்த்தமில்லை. அங்கே காத்திருப்பதே மறைமுகச் செலவு.

## வழி 2: மாஸ்க்கை மாற்றுவது

காற்று கசிந்தால் மெஷின் எவ்வளவு ஊதியும் தொண்டைக்குப் போய்ச் சேராது. கசியும் சத்தமும், கண்ணில் அடிக்கும் காற்றும் தூக்கத்தை அரைகுறையாக்கும். ரெஸ்மெட் நிறுவனத்தின் மெஷின்களில் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிகக் கசிவு என்று கொள்கிறார்கள்.

வாயால் மூச்சு விடுகிறேன் என்று சொன்னவுடனே மூக்கையும் வாயையும் மூடும் பெரிய மாஸ்க்கைக் கொடுத்துவிடுவார்கள். எனக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். அது தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்குக் கசிவும் அதிகம், தாடையைப் பின்னால் அழுத்துவதால் சிலருக்குப் பிரஷரும் அதிகம் வேண்டும். வாய் ஏன் திறக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். மூக்கடைப்பு என்றால் அதற்கு வைத்தியம் செய்தால் வாய் தானாக மூடலாம். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது, டாக்டர் எழுதித் தரும் ஸ்ப்ரே, மெஷினிலேயே இருக்கும் ஈரப்பதக் கருவி ஆகிய மூன்றையும் முயன்ற பிறகு நான் மூக்குக்கு மட்டுமான மாஸ்க்குக்கு மாறினேன். 3 மணிக்குக் கழற்றுவது நின்றது.

நம் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ராத்திரி தலைக்கும் முகத்துக்கும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தால் சிலிக்கான் குஷன் பிடிக்காது, வழுக்கும். எண்ணெய் வைப்பதைக் காலைக்கு மாற்றுங்கள். படுக்கும்முன் முகத்தை சோப்பு போட்டுக் கழுவுங்கள். அடர்ந்த மீசை இருப்பவர்களுக்கு மூக்குத் துவாரத்தில் பொருந்தும் சிறிய மாஸ்க் நன்றாக நிற்கும். அப்புறம், பட்டையை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். காலையில் கன்னத்தில் ஆழமாகத் தடம் விழுந்தால் அளவு தவறு என்று அர்த்தம். மெஷின் ஓடும்போது, படுத்த நிலையில் மாட்டிச் சரிபார்க்க வேண்டும். கடை நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது உதவாது.

செலவு சில ஆயிரம் ரூபாய். மறைந்திருப்பது, குஷன் சில மாதங்களில் தளர்ந்துவிடும், திரும்ப வாங்க வேண்டும் என்பது. பிரித்த மாஸ்க்கைப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை. வாங்கும்முன் ஒன்றிரண்டு நாள் போட்டுப் பார்க்கத் தருவார்களா என்று கேளுங்கள், சிலர் தருகிறார்கள். பலன் ஒரு வாரத்திலேயே தெரியும்.

## வழி 3: பிரஷர் அமைப்பைத் திருத்துவது

தேவைக்கேற்பத் தானே பிரஷரை மாற்றும் ஆட்டோ சீபேப், 4 முதல் 20 வரை (நீர் அழுத்த சென்டிமீட்டர் கணக்கில்) மாற்றிக்கொள்ளும். பெட்டியிலிருந்து எடுத்த அதே 4–20ல் வைத்துக் கொடுத்துவிட்டுப் போவது சகஜம். எனக்கு மெஷின் கொடுத்தவரும் அப்படித்தான் வைத்தார். வந்து பத்து நிமிடம் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனவர், அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

4ல் பலருக்கு மூச்சு முட்டும், போதிய காற்று வரவில்லை என்று தோன்றும். இன்னொன்று, மெஷின் அடைப்பின் அறிகுறியைப் பார்த்த பிறகுதான் பிரஷரை ஏற்றும். உங்களுக்கு 11 தேவை என்றால் 4லிருந்து அது ஏறி வருவதற்குள் சில அடைப்புகள் நடந்து முடிந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் தூக்கம் கொஞ்சம் கலைந்திருக்கும். கீழ் எல்லையை உயர்த்தினால் இது குறையும். எனக்கு டாக்டர் கீழே 8, மேலே 13 என்று வைத்தார். மூச்சை வெளியே விடும்போது பிரஷரை 1 முதல் 3 வரை குறைத்துத் தரும் வசதியும் இருக்கிறது. எதிர்க்காற்றில் மூச்சு விடுவதுபோல் சிரமப்படுபவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் கூட்டிக்கொண்டே போவது தீர்வாகாது. அதிகமானால் காற்றை விழுங்கி வயிறு உப்பும், காலையில் ஏப்பமாக வரும். சிலருக்குத் தொண்டை திறந்திருந்தும், மூளையே மூச்சு விடச் சொல்லாமல் நிறுத்தும் வேறு வகை மூச்சுத்தடை புதிதாகத் தலைகாட்டும். மெஷின் அறிக்கை இதைத் தனியாகப் பிரித்துக் காட்டும். பெரும்பாலானவர்களுக்கு அது சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாக அடங்கிவிடும். அதற்குப் பிரஷரைக் கூட்டினால் இன்னும் மோசமாகலாம். ஆகவே அறிக்கையைப் படிக்கத் தெரிந்த டாக்டரோடு உட்கார்ந்து திருத்துங்கள், ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், அதோடு ஒரு வாரம்.

அறிக்கையைப் பார்த்தும் புரியவில்லை என்றால், மெஷின் போட்ட நிலையிலேயே ஆஸ்பத்திரியில் ஓர் இரவு முழு ஸ்லீப் ஸ்டடி செய்யலாம். மூளை அலைகளையும் கால் அசைவையும் அது சேர்த்துப் பதிவு செய்யும், வீட்டு மெஷினால் அது முடியாது. செலவு ஆயிரங்களில் ஆகும். ஆனால் ஒரு புது மெஷினின் விலையோடு பார்த்தால் குறைவு.

## வழி 4: மெஷினையே மாற்றுவது

பணம் இருப்பவர்கள் முதலில் பாய்வது இங்கேதான். நான் இதை நான்காவதாக வைப்பதற்குக் காரணம், கசிவும் அமைப்பும் சரியில்லாதவருக்குப் புது மெஷினிலும் அதே கசிவும் அதே அசதியும்தான் இருக்கும்.

பைபேப் உள்ளிழுக்க ஒரு பிரஷர், வெளிவிட ஒரு பிரஷர் என்று தரும். 15க்கு மேல் பிரஷர் தேவைப்பட்டுத் தாங்க முடியாதவர்களுக்கும், உடல் பருமனால் ரத்தத்தில் கரியமில வாயு தங்குபவர்களுக்கும் அது உண்மையாகவே தேவை. மூளை சார்ந்த மூச்சுத்தடை அடங்காதவர்களுக்கு ஏ.எஸ்.வி. என்ற வகை இருக்கிறது. அதில் ஓர் எச்சரிக்கை: இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் 45 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு ஏ.எஸ்.வி. இதயம் சார்ந்த மரணத்தைக் கூட்டியது என்று 2015ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ பரிசோதனை எடுக்காமல் அதைத் தொடக்கூடாது.

விலை அரை லட்சத்தைத் தாண்டலாம். பல ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசிகள் வீட்டில் பயன்படுத்தும் இந்த மாதிரி கருவிகளுக்குப் பணம் தருவதில்லை. செலவைக் குறைக்கப் பழைய மெஷின் வாங்குபவர்கள் வாங்கும்முன் மாடலைப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஒலித்தடுப்பு ஃபோம் சிதைந்து, நோயாளி சுவாசிக்கும் காற்றில் கலக்கலாம் என்பதால் ஃபிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் முதல் தலைமுறை டிரீம்ஸ்டேஷன் உள்ளிட்ட பல லட்சம் மெஷின்களைத் திரும்பப் பெற்றது. அவை இன்னும் யாராவது வீட்டுப் பரணில் இருக்கும், விலைக்கும் வரும். முடிந்தவரை மாத வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

## வழி 5: மூச்சைத் தாண்டி வேறு காரணம் தேடுவது

என் தங்கையைப் பற்றிச் சொல்கிறேன். ஏ.எச்.ஐ. 22ல் ஆரம்பித்து மெஷினில் 2க்கு வந்துவிட்டாள். தினமும் 7 மணி நேரம், கசிவும் இல்லை. ஆனாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு சோபாவில் சாய்ந்தால் எழுந்திருக்க முடியாது. இரண்டு வருடம் மெஷினைத்தான் குறை சொன்னோம். ஒரு நாள் அம்மாதான், "ராத்திரி படுத்தா காலைக் காலை உதைச்சுக்கிறாளே, அதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார். கால் குடைச்சல் நோய். ஹீமோகுளோபின் 12.4, அதனால் யாரும் மேற்கொண்டு பார்க்கவில்லை. உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தால் 11. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பில் சேமிப்பு இரும்புச்சத்து வற்றியிருக்கலாம். கால் குடைச்சல் இருப்பவர்களுக்கு ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழ் இருந்தாலே இரும்புச்சத்து கொடுக்கிறார்கள். நாலு மாதத்தில் ஆள் மாறிவிட்டாள்.

கேட்டுப் பார்க்க வேண்டிய பரிசோதனைகள் அதிகமில்லை: தைராய்டுக்கு டி.எஸ்.எச்., ஃபெரிட்டின், பி12, சர்க்கரை. சைவம் மட்டுமே சாப்பிடுபவர்களுக்கும், நீண்ட காலம் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்களுக்கும் பி12 குறைவது அடிக்கடி நடப்பது. சாப்பிடும் மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். சளிக்கும் அலர்ஜிக்கும் போடும் சில மாத்திரைகளின் மயக்கம் மறுநாள் காலை வரை நிற்கும்.

மன அழுத்த நோயும் இதே முகத்தோடு வரும். தூக்கமின்மையும் மூச்சடைப்பும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. மாஸ்க் போட்டபடி இரண்டு மணி நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எந்த மாஸ்க் மாற்றமும் உதவாது. தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை, அதாவது படுக்கும் நேரத்தையும் பழக்கங்களையும் திருத்தும் முறை, அவருக்கு வேண்டும்.

செலவு குறைவு, பின்விளைவு இல்லை. அசதி வகையினர் இதை வழி 2, 3க்கு முன்னாலேயே செய்யலாம்.

## வழி 6: சீபேப்புக்குப் பதிலாக வேறொன்று

தாடையை முன்னால் தள்ளும் வாய்க்கருவி. பல் டாக்டர் அளவெடுத்துச் செய்வது. லேசான, நடுத்தர மூச்சடைப்புக்கு நல்லது. ஏ.எச்.ஐ.யை சீபேப் அளவுக்குக் குறைக்காது, ஆனால் மக்கள் அதிக நேரம் போட்டுக்கொள்கிறார்கள் என்பதால் பகல் தூக்கத்தில் கிடைக்கும் பலன் கிட்டத்தட்டச் சமமாக வந்துவிடுகிறது. மாஸ்க்கைச் சகிக்கவே முடியாதவருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். தாடை வலி வரலாம், வருடங்கள் போகப் போகப் பல் வரிசை நகரலாம். ஈறு நோய் இருப்பவர்களுக்கும் பல்செட் கட்டியவர்களுக்கும் ஒத்துவராது. வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைக்கும் மலிவுக் கருவிகளை நம்ப வேண்டாம். கருவி போட்ட பிறகு ஒரு ஸ்லீப் ஸ்டடி செய்து பார்க்கும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

எடை. உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தால் ஏ.எச்.ஐ. சுமார் 26 சதவீதம் குறைந்தது என்று 2000ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான மூச்சடைப்பு உள்ள பெரியவர்களுக்கு எடை குறைக்கும் டிர்செப்படைட் ஊசியை அனுமதித்தது. வாரம் ஒரு ஊசி, மாதாமாதம் செலவு, நிறுத்தினால் எடை திரும்ப ஏறும். பலன் வர மாதங்கள் ஆகும் என்பதால் அதுவரை மெஷினை விடக்கூடாது.

ஆபரேஷன். மூக்குத் தண்டு வளைவைச் சரிசெய்வது மூச்சடைப்பைத் தீர்க்காது, ஆனால் மாஸ்க் போடுவதை எளிதாக்கும். அந்தக் காரணத்துக்காகச் செய்வது நியாயம். பெரிய டான்சில் இருந்தால் அதை எடுப்பது பலன் தரலாம். மற்றபடி தொண்டைச் சதையைக் குறைக்கும் ஆபரேஷனின் பலன் ஆளுக்கு ஆள் மாறும், வலி அதிகம், திரும்ப வழியில்லை.

## வழி 7: விழிப்பு மாத்திரை

எல்லாம் சரியாக இருந்தும் பகல் தூக்கம் போகாதவர்கள் சிலர் இருக்கவே செய்கிறார்கள். அவர்களுக்கு மோடாஃபினில் போன்ற மாத்திரைகளை டாக்டர் தருவதுண்டு. அது மூச்சடைப்பைத் தொடாது, தூக்கத்தை மட்டும் தள்ளி வைக்கும். தலைவலி, படபடப்பு, ரத்த அழுத்தம் ஏறுவது உண்டு. கருத்தடை மாத்திரையின் பலனையும் அது குறைக்கும், பெண்கள் இதை அவசியம் கேட்டுக்கொள்ள வேண்டும். மேலே சொன்னவற்றைப் பார்க்காமல் இதில் ஆரம்பித்தால், உண்மையான காரணம் வருடக்கணக்கில் மறைந்தே கிடக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | யாருக்கு | பலன் தெரிய | மறைமுகச் செலவு | திரும்ப முடியுமா |
|---|---|---|---|---|
| நேரத்தைக் கூட்டுதல் | 6 மணி நேரத்துக்குக் குறைவாகப் போடுபவர் | வாரங்கள் | வீணாகக் காத்திருப்பது | ஆம் |
| மாஸ்க் மாற்றம் | கசிவு, தூக்கத்தில் கழற்றுபவர் | ஒரு வாரம் | குஷன் மறுபடி வாங்குதல் | ஆம் |
| பிரஷர் திருத்தம் | 4–20ல் விடப்பட்டவர், வயிறு உப்புபவர் | ஒரு வாரம் முதல் | டாக்டரைப் பலமுறை பார்ப்பது | ஆம் |
| புது மெஷின் | அதிகப் பிரஷர், மூளை சார்ந்த மூச்சுத்தடை | வாரங்கள் | இன்ஷூரன்ஸ் தராதது | பணம் போகும் |
| வேறு காரணம் தேடல் | மெஷின் கணக்கு சரி, அசதி வகை | மாதங்கள் | குறைவு | ஆம் |
| வாய்க்கருவி | மாஸ்க்கைத் தாங்காதவர், கடுமை குறைந்தவர் | வாரங்கள் | பல் நகர்வு, மறு ஸ்டடி | பெரும்பாலும் |
| ஆபரேஷன் | தெளிவான அடைப்பு தெரிந்தவர் | மாதங்கள் | வலி, விடுப்பு | இல்லை |
| மாத்திரை | மற்றதெல்லாம் பார்த்து முடித்தவர் | நாட்கள் | பின்விளைவு | ஆம் |

## டாக்டரிடம் போகும்போது

மெமரி கார்டு, மாஸ்க், மாத்திரைச் சீட்டு, எப்வொர்த் மதிப்பெண் நான்கையும் எடுத்துப்போங்கள். "ஏ.எச்.ஐ. எவ்வளவு?" என்று மட்டும் கேட்காமல், "எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறேன், எத்தனை மணிக்குக் கழற்றுகிறேன், கசிவு எவ்வளவு, மிச்சமிருப்பது அடைப்பா, மூளை சார்ந்ததா?" என்று கேளுங்கள். பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிப்போனால் இன்னும் நல்லது. என் தங்கை விஷயத்தில் டாக்டருக்குத் தெரியாதது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

வண்டி ஓட்டும்போது ஒரு தடவை கண் செருகியிருந்தாலும், வரிசைப்படி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். அன்றே சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு அந்த வாரத்திலேயே டாக்டரைப் பாருங்கள். காலையில் எழுந்ததும் தலைவலி, கால் வீக்கம், படுத்தால் மூச்சு வாங்குவது மூன்றும் சேர்ந்து வந்தாலும் அப்படித்தான். அது மாஸ்க் கடைக்குப் போக வேண்டிய விஷயமில்லை, இதயத்தையும் ரத்தத்தில் உள்ள கரியமில வாயுவையும் உடனே பார்க்க வேண்டும்.